காரணமில்லாமல்: யோபு புத்தகத்தைப் பற்றி

‘யோபுவின் பொறுமை’ என்ற சொற்றொடர் அந்தப் புத்தகத்தைப் படிக்காமலே இருந்துவிட நல்ல வசதி செய்து தந்திருக்கிறது. புதிய ஏற்பாட்டில் யாக்கோபின் நிருபம் ஒரு முறை சொல்லிவைத்தது. பிரசங்க மேடைகள் அதைப் பிடித்துக்கொண்டன. 42 அதிகாரங்கள் கொண்ட புத்தகத்தில் யோபு பொறுமையாக இருப்பது முதல் இரண்டில்தான். மூன்றாவதில் தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். அதிலிருந்து 31-ஆம் அதிகாரம் முடிகிறவரை அவன் செய்கிற காரியம் வழக்காடுவது. எதிராளி கடவுள், நீதிபதியும் அவரே. இருவருக்கும் பொதுவாக ஒரு மத்தியஸ்தன் இல்லையே என்ற 9-ஆம் அதிகாரத்து ஏக்கத்தைப் பொறுமை என்று அழைக்க அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

பிரசங்கிகளை விட்டுவிடலாம். படித்தவர்களின் வாசிப்பு ஒன்றும் இருக்கிறது. தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள உரைநடைப் பகுதி பழைய நாட்டுக்கதை. நடுவில் இருக்கும் கவிதைதான் அசல் மேதையின் சிருஷ்டி. ஆகவே சட்டகத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கவிதையை மட்டும் படிக்கலாம் என்பது அது. இரண்டு பகுதிகளும் வேறு வேறு கைகளிலிருந்து வந்திருக்கலாம் என்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் கழற்றிவிட்டால் போய்விடுவது கதை மட்டுமல்ல. புத்தகத்தின் அச்சாணியே போய்விடுகிறது.

அந்த அச்சாணி ‘ஹின்னாம்’ என்ற எபிரேயச் சொல். ‘காரணமில்லாமல்’, ‘பிரதிபலனில்லாமல்’, ‘சும்மா’ என்று இடத்துக்கு ஏற்பப் பொருள்படும். நான்கு இடங்களில் அதைக் கவனிக்க வேண்டும். முதல் அதிகாரத்தில் சாத்தான் கேட்கிறான்: யோபு பக்தியாக இருப்பது பிரதிபலன் இல்லாமலா? (மூலத்தில் இது பெயரல்ல, பெயருக்கு முன் வராத சுட்டு இதற்கு முன்னால் வருகிறது. தெய்வ சபையில் குற்றம் சாட்டுகிற ஒரு உத்தியோகம், அவ்வளவுதான். தமிழ் மொழிபெயர்ப்பில் அது பெயராகவே நின்றுவிட்டது.) இரண்டாம் அதிகாரத்தில் கடவுளே அதே சொல்லை எடுக்கிறார்: யோபுவைக் காரணமில்லாமல் அழிக்கும்படி நீ என்னைத் தூண்டினாய் என்று ஒப்புக்கொள்கிறார். ஒன்பதாம் அதிகாரத்தில், இந்த உரையாடல் எதுவும் காதில் விழாத யோபு, தன் காயங்கள் காரணமில்லாமல் பெருகுகின்றன என்கிறான். 22-இல் நண்பன் எலிப்பாஸ் அதைத் திருப்பிப் போடுகிறான்: நீதான் காரணமில்லாமல் உன் சகோதரர்களிடம் அடகு வாங்கினாய்.

ஆக, யோபுவின் குற்றச்சாட்டும் கடவுளின் வாக்குமூலமும் ஒரே சொல்லில் அமைந்திருக்கின்றன. இது வாசகனுக்குத் தெரியும், யோபுவுக்குத் தெரியாது. சட்டகத்தைக் கழற்றினால் வாசகனுக்கும் தெரியாமல் போய்விடும். யோபு பேசுவது ஆற்றாமைப் புலம்பலாகச் சுருங்கிவிடும். சட்டகம் இருப்பதால் அவன் பேசுவது நிஜம்.

எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூவரையும் முட்டாள்கள் என்று ஒதுக்குவது சுலபம். அவர்கள் வந்ததும் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் யோபுவோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவு நல்லவர்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டுப்போகிறார்கள். நான்காம் அதிகாரத்தில் எலிப்பாஸ், தளர்ந்தவர்களைத் தாங்கிப் பிடித்தவன் என்று யோபுவைப் புகழ்கிறான். 22-ஆம் அதிகாரத்தில் அதே ஆள், தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்காதவன், விதவைகளை வெறுங்கையோடு விரட்டியவன் என்று பட்டியல் வாசிக்கிறான். நடுவில் புதிய சாட்சி எதுவும் வந்துவிடவில்லை. கணக்கு நேராக வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். தண்டனை என்ற பற்று பதிவாகிவிட்டது. அதற்கு ஈடாகப் பாவம் என்ற வரவு எங்கேயாவது இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் எழுதிக்கொள்ள வேண்டியது. பேரேட்டோடு பிழைப்பு நடத்துகிறவனுக்கு இந்த மனோபாவம் நன்றாகப் பரிச்சயமானது.

கடவுளின் சர்வ அதிகாரத்தைக் காப்பாற்றுவதாக இவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் இவர்களுடைய கடவுளுக்கு அதிகாரம் ஏதுமில்லை. நன்மைக்கு நன்மை, தீமைக்குத் தீமை என்று பட்டுவாடா செய்கிற குமாஸ்தா அவர். யோபுவின் கடவுள்தான் சுதந்திரமானவர். சுதந்திரமானவரிடம்தான் ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்க முடியும். யோபுவின் நிந்தனை நண்பர்களின் துதியைவிடக் கடவுளை அதிகமாக மதிக்கிறது.

இந்த நிந்தனையைத் தணிக்கப் பிரதியிலேயே முயற்சிகள் நடந்திருக்கின்றன. 13-ஆம் அதிகாரம் 15-ஆம் வசனத்தில் ‘லோ’ என்று ஒரு சொல். ஒரு விதமாக எழுதினால் ‘இல்லை’. இன்னொரு விதமாக எழுதினால் ‘அவருக்கு’. உச்சரிப்பு ஒன்றே. பிரதியில் எழுதியிருப்பது முதலாவது. வாசிக்க வேண்டியது இரண்டாவது என்று பழைய யூதப் பண்டிதர்கள் ஓரத்தில் குறித்தார்கள். 1611-இன் ஆங்கில வேதாகமமும் நம் பழைய தமிழ் வேதாகமமும் ஓரக்குறிப்பைப் பின்பற்றின. நம்பிக்கை அற்றுப்போனவனின் வாக்கியம், சாகும்போதும் நம்புகிறவனின் வாக்கியமாக மாறிவிட்டது. சுவர்களில் மாட்டும் வசன அட்டைகளுக்கு உகந்தது எது என்று சொல்ல வேண்டியதில்லை.

பிறகு, 38-இல் பெருங்காற்றிலிருந்து கடவுள் பேசுகிறார். யோபு கேட்டது எதற்கும் அதில் பதில் இல்லை என்று பலரும் சலித்துக்கொள்வதுண்டு. சலிப்பு நியாயமானதுதான். ஆனால் அந்தப் பேச்சில் என்ன இல்லை என்று பார்க்க வேண்டும். யோபு பாவம் செய்தான் என்ற பேச்சே இல்லை. வெகுமதி, தண்டனை இல்லை. மனிதனே ஏறக்குறைய இல்லை. ஆளில்லாத பாலையில் மழை பெய்கிறது. காட்டுக்கழுதை, தீக்கோழி, கழுகு. கடைசியில் எவனாலும் அடக்க முடியாத பிகெமோத்தும் லிவியாதானும். மனிதனின் புண்ணிய பாவத்தை மையமாகக் கொண்டு பிரபஞ்சம் சுழல்கிறது என்ற நண்பர்களின் சித்தாந்தம் இங்கே நொறுங்கிப்போகிறது. யோபுவுக்கு நியாயம் கிடைக்கவில்லை. ஆனால் அவன்மேல் சுமத்தப்பட்ட பொய் விழுந்துவிட்டது.

கடவுள் நிஜமான காரணத்தைச் சொல்லியிருக்கலாமே என்றால், என்ன சொல்லியிருப்பார்? உன்னை வைத்து ஒரு பந்தயம் நடந்தது என்றா? காரணம் நமக்குத் தெரியும். தெரிந்த நமக்கே அது போதவில்லை. துன்பத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டால் மனம் ஆறிவிடும் என்ற நம்பிக்கையின் மேல்தான் 1710-இல் லைப்னிட்ஸ் தன் கட்டிடத்தை எழுப்பினார். 1791-இல் காண்ட் இம்மாதிரி முயற்சிகள் அத்தனையும் தோற்றுவிட்டன என்று எழுதியபோது யோபுவைத் துணைக்கு அழைத்துக்கொண்டது தற்செயல் அல்ல. அவர் யோபுவிடம் கண்டது நேர்மையை. நண்பர்களிடம் கண்டது அதிகாரத்துக்கு முன் குழைகிற முகஸ்துதியை.

புத்தகத்தின் தீர்ப்பும் அதுவே. 42-இல் கடவுள், நண்பர்கள் சரியாகப் பேசவில்லை, யோபுதான் பேசினான் என்கிறார். ‘என்னைப் பற்றி’ என்று மொழிபெயர்க்கப்படுகிற இடத்தில் உள்ள எபிரேய உருபு சாதாரணமாக ‘என்னை நோக்கி’ என்றே பொருள்படும். இதை வைத்துக்கொண்டு திரும்பிப் படித்தால் ஒன்று தெரிகிறது: நண்பர்கள் கடவுளைப் பற்றி ஓயாமல் பேசினார்கள், ஒருவனும் ஒரு முறைகூட அவரை நோக்கிப் பேசவில்லை. யோபு வசை பாடினாலும் அவரை நோக்கிப் பாடினான்.

முடிவைப் பற்றி. இழந்தது இரட்டிப்பாகத் திரும்புகிறது: 7,000 ஆடுகள் 14,000, 3,000 ஒட்டகங்கள் 6,000, ஏர்மாடுகள் 500 ஜோடி 1,000, கழுதைகள் 500 என்பது 1,000. மகிழ்ச்சியான முடிவு ஒட்டவைக்கப்பட்டுவிட்டது என்று குறை சொல்பவர்கள் யாத்திராகமம் 22-ஐப் புரட்டிப் பார்க்கலாம். மாட்டையோ கழுதையையோ ஆட்டையோ திருடியவன் அது உயிரோடு கையில் இருக்கப் பிடிபட்டால் கட்ட வேண்டியது இரட்டிப்பு. இதை எழுதியவனுக்கு அந்தச் சட்டம் தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை. உறவினர்கள் வந்து ஆறுதல் சொல்லும் இடத்திலும், கடவுள் அவன்மேல் வரப்பண்ணின தீங்கு என்றே பிரதி பச்சையாகச் சொல்கிறது. சாத்தானின் பெயர் அங்கே எடுக்கப்படவில்லை.

பிள்ளைகள் மட்டும் இரட்டிப்பாகவில்லை. மறுபடியும் ஏழு மகன்கள், மூன்று மகள்கள். மகள்களுக்கு எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக் என்று பெயர்களும், சகோதரர்களோடு சொத்தில் பங்கும் உண்டு. முதல் அதிகாரத்தில் வீடு இடிந்து செத்த பத்துப் பேருக்குப் பெயர் இல்லை. அவர்கள் திரும்பி வரவும் இல்லை. கால்நடைகளோடு வெட்டுண்டும் எரிந்தும் போன வேலைக்காரர்களைப் பற்றிக் கேட்க அந்தப் பெருங்காற்றின் முன்னால்கூட யாருக்கும் தோன்றவில்லை. யோபு கேட்டது தன் வழக்கை. அவர்களுடைய வழக்கு இன்னும் யாராலும் தொடுக்கப்படாமல் கிடக்கிறது.