கருவி அப்பா கையில், கிராஃப் என் போனில்

உடல்நலக் கருவிகளை மக்கள் ஏன் ஏற்றுக்கொள்கிறார்கள் என்று வரும் ஆய்வுக் கட்டுரைகளைக் கொஞ்ச நாளாக வாசிக்கிறேன். ஸ்மார்ட் வாட்ச்சோ, ப்ளூடூத் சுகர் மீட்டரோ, நான் பார்த்ததில் பாதிக்கு மேல் ஒரே மாடலில் போய் நிற்கின்றன. 1989-இல் ஃப்ரெட் டேவிஸ் வைத்தது அது. கருவி பயன் தரும் என்று தோன்ற வேண்டும், கையாள எளிது என்றும் தோன்ற வேண்டும். தோன்றினால் ஆள் பயன்படுத்துவார். 2003-இல் வெங்கடேஷ் குழுவினர் இதை விரித்து, வேண்டியவர்கள் சொல்வதையும் ஒரு காரணமாகச் சேர்த்தார்கள்.

டேவிஸின் முதல் ஆய்வில் பதில் சொன்னவர்கள் யார் என்று தேடினேன். கனடா ஐபிஎம் ஊழியர்கள் 112 பேர். கேள்வி, ஆபீஸ் மின்னஞ்சலையும் ஒரு ஃபைல் எடிட்டரையும் பற்றி. அங்கே பயன்படுத்துகிறவரும் பயன் அடைகிறவரும் ஒரே ஆள். நம்ம வீட்டில் அப்படியா?

சிவகாசியில் இருக்கும் அப்பாவுக்கு ப்ளூடூத் சுகர் மீட்டர் வாங்கி அனுப்பினேன். காசு என்னுடையது, ஊசிக் குத்து அவருக்கு, கிராஃப் என் போனுக்கு. 240 என்று வந்தால் உடனே போன் போடுவேன்: "என்னப்பா சாப்பிட்டீங்க?" ஒரு மாதத்தில் ரீடிங் எல்லாம் அருமையாகிவிட்டது. நானும் சந்தோஷப்பட்டேன். அடுத்து லேபில் எடுத்த ஹெச்பிஏ1சி 9.4! விசாரித்தால், வாயைக் கட்டிய நாளில் மட்டும் குத்திப் பார்த்திருக்கிறார். "நீ ஏசுவ, அதான்டா" என்றார்.

வாரம் மூன்று ரீடிங். எந்த சர்வேயிலும் அவர் தொடர்ந்து பயன்படுத்துபவர்தான். எளிதா? எளிது. பயனா? பயன்தான், மகன் வாயை அடைக்க. வேண்டியவர்கள் சொல்வது கருவியை எடுக்க வைக்கும் என்கிறது மாடல். எதை மறைக்க வைக்கும் என்று அந்தக் கேள்வித்தாள் கேட்பதே இல்லை.

2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இதற்கு நேர்மாறு. வீட்டுக்கே வருகிற தன்னார்வலர் அக்கா பிரஷர், சுகர் பார்ப்பார், மாத்திரையையும் கையில் கொடுப்பார். அவரும் விவரத்தை ஆப்பில்தான் ஏற்றுகிறார். ஆனால் அவரிடம் அப்பா, "நேத்து கல்யாண வீடு, ரெண்டு லட்டு" என்று தானாகவே சொல்லிவிடுகிறார். அந்த அக்கா ஏசுவதில்லை. மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று டப்பாவைப் பார்க்கிறார்.

மீட்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்சுலின் போடுகிறவர்களுக்கு அன்றாட ரீடிங் இல்லாமல் முடியாது, எப்போதாவது வருகிறவரால் அதைப் பார்க்கவும் முடியாது. ரீடிங் எனக்கு வருவதை மட்டும் ஆப்பில் அணைத்துவிட்டேன். இப்போது 260 வரைக்கும் போகிறதாம். அப்பாவே போன் பண்ணிச் சொன்னார்.