பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தத் திடல் எப்படி இருக்கிறது?

ஒலி-ஒளிக் காட்சிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ராத்திரியைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். என்ன வண்ணம், எத்தனை புரொஜெக்டர், குரல் யாருடையது, டிக்கெட் எவ்வளவு. எனக்கு வேறு ஒரு கேள்வி. காட்சி முடிந்து, கூட்டம் கலைந்து, மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு அதே இடத்தில் போய் நின்றால் அங்கே என்ன இருக்கிறது? உட்கார நிழல் இருக்கிறதா? சும்மா நடந்து போகிற ஒருத்தருக்கு அந்த இடம் எதையாவது கொடுக்கிறதா?

கொஞ்ச நாளாக இரண்டு இடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று, மதுரை திருமலை நாயக்கர் மகாலின் முற்றம். இன்னொன்று, அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் டிஸ்னி நிறுவனத்தின் மேஜிக் கிங்டம் பூங்காவின் நடுத்திடல். முதலாவது நேரில் பார்த்தது. இரண்டாவதை வீடியோவிலும் பழைய புகைப்படங்களிலும் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். நேரில் பார்க்காத இடத்தை விமர்சிக்கலாமா என்று கேட்பீர்கள். அந்தக் காட்சியைப் பார்த்து ஜனங்கள் ஏன் அழுகிறார்கள் என்பதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லைதான். ஆனால் ஒரு திடலை எதற்காக இடித்துக் கட்டினார்கள் என்று பேச, முன்னும் பின்னும் எடுத்த படங்களே போதும்.

முதலில் டிஸ்னி. மேஜிக் கிங்டம் 1971 அக்டோபர் 1 அன்று திறந்தது. வாசலிலிருந்து நேராக ஒரு கடைத்தெரு. அது முடிகிற இடத்தில் வட்டமான திடல். அதற்கு அப்பால் 189 அடி உயரத்தில் சிண்டரெல்லா கோட்டை. திடலிலிருந்து வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி பாதைகள் பிரிந்து பூங்காவின் ஒவ்வொரு பகுதிக்கும் போகின்றன. நம்ம ஊர்த் தேரடி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். திருவிழாவில் பிள்ளைகளிடம் "தொலைஞ்சு போனா தேரடியில வந்து நில்லு" என்று சொல்லி அனுப்புவோமே, அந்த வேலையைச் செய்கிற இடம். பழைய படங்களில் அங்கே வளர்ந்த மரங்கள் இருக்கின்றன, பெஞ்சுகள் இருக்கின்றன, பக்கத்தில் ஒரு ரோஜாத் தோட்டம், கோட்டையைச் சுற்றி நீர் அகழி. மரங்கள் கோட்டையைப் பாதி மறைக்கும். இலைகளுக்கு நடுவில் ஒரு கூரை முனை தெரியும், நாலு எட்டு நகர்ந்தால் இன்னொன்று தெரியும்.

2011 ஜனவரியில் அந்தக் கோட்டைமேல் படம் காட்டத் தொடங்கினார்கள். அன்றைக்குப் பூங்காவுக்கு வந்தவர்களை எடுத்த புகைப்படங்களையே ராத்திரி கோட்டைச் சுவரில் பெரிதாகக் காட்டும் நிகழ்ச்சி அது. யோசனையாகப் பார்த்தால் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். ஆனால் கோட்டை திரையாகிவிட்ட பிறகு, அதற்கு முன்னால் இருக்கிற எல்லாமே சினிமா கொட்டகையாகிவிடுகிறது. திரைக்கு முன்னால் மரம் நிற்க முடியுமா? அடுத்த சில ஆண்டுகளில் திடலைத் திருத்திக் கட்டினார்கள். 2015-இல் வேலை முடிந்தது. ரோஜாத் தோட்டம் போனது. அகழியின் ஒரு பகுதி தூர்ந்து நடைபாதையானது. நின்று பார்ப்பதற்கென்றே செயற்கைப் புல் விரித்த அடைப்புகள் வந்தன. 2017 மே 12 அன்று அரங்கேறிய 'ஹேப்பிலி எவர் ஆஃப்டர்' என்ற வாணவேடிக்கையும் படக்காட்சியும் சேர்ந்த நிகழ்ச்சி, இப்படித் திருத்திய திடலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தியது.

நியாயமாகச் சொல்ல வேண்டும். பழைய திடலில் ராத்திரி கூட்டம் நெரிந்தது. ஊர்வலம் ஒரு பக்கம், வாணவேடிக்கை பார்க்கிறவர்கள் ஒரு பக்கம், வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள் ஒரு பக்கம். குழந்தை வண்டியோடு அதற்குள் சிக்குவது விளையாட்டில்லை. புதிய பாதைகள் அதைக் கொஞ்சம் தளர்த்தின. அது நல்ல வேலை. ஆனால் பகலில் எடுத்த படங்களைப் பாருங்கள். பரந்த தரை, குட்டையான செடிகள், வெயில். ஃபுளோரிடா வெயில் நம்ம வெயிலுக்குச் சளைத்ததில்லை. ஒரு நாளில் இருபது நிமிஷம் ஓடுகிற காட்சிக்காக மிச்ச நேரமெல்லாம் அந்த இடம் காலியாகக் காத்துக்கிடக்கிறது.

இதைவிட மோசமான உதாரணமும் அதே நிறுவனத்திடம் இருக்கிறது. பக்கத்திலேயே இருக்கும் எப்காட் பூங்காவின் ஏரியில் 2021-இல் 'ஹார்மோனியஸ்' என்ற இரவுக் காட்சியைத் தொடங்கினார்கள். அதற்காக ஐந்து ராட்சத மிதவைகளை ஏரிக்குள் நிறுத்தினார்கள். ராத்திரி அவற்றில் நீர்த்திரையும் படமும் ஒளியும். பகலில்? ஏரிக்கு அக்கரையில் எது இருந்ததோ அதை மறைத்துக்கொண்டு இரும்புக் குவியலாக நின்றன. ரசிகர்கள் அவற்றை 'டாக்கோ' என்று, ஒரு தின்பண்டத்தின் பெயரைச் சொல்லிக் கிண்டல் செய்தார்கள். 2023 ஏப்ரலில் காட்சியை நிறுத்தி, பிறகு மிதவைகளையும் பிரித்துவிட்டார்கள். ஒன்றரை வருஷக் காட்சிக்கு அவ்வளவு இரும்பு!

இதைப் படிக்கிற எங்கள் வட்டாரத்துக்காரர்கள் சிரிப்பார்கள் என்று தெரியும். ரிஷிவந்தியத்தில் உட்கார்ந்துகொண்டு ஃபுளோரிடாவைப் பற்றிக் கவலைப்படுகிறான் என்று. ஆனால் இந்தக் கேள்வியே எனக்கு இங்கிருந்துதான் வந்தது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், திருவண்ணாமலை பக்கமெல்லாம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். ராத்திரி முழுக்கக் கூத்து. கடைசி நாள் படுகளம். துரியோதனன் படுத்துக்கிடக்கிற மாதிரி மண்ணால் ஒரு பெரிய உருவத்தைத் தரையிலேயே செய்வார்கள். ஒரு வீட்டைவிட நீளமாகக்கூட இருக்கும். வண்ணம் தீட்டி, மீசை வைத்து, தொடையில் ரத்தத்துக்கு ஏற்பாடு செய்து, அதைச் சுற்றிப் பீமனும் துரியோதனனும் மோதுவார்கள். ஊரே சுற்றி நிற்கும். எந்தப் பக்கம் நின்றாலும் ஏதோ ஒன்று தெரியும். இந்தப் பக்கம்தான் 'சரியான' பக்கம் என்று ஒன்று கிடையாது.

முடிந்த பிறகு அந்த மண் அங்கேயே கிடக்கும். பிள்ளைகள் துரியோதனன் வயிற்றில் ஏறி விளையாடுவார்கள். ஒரு நல்ல மழை பெய்தால் முகம் கரையும், இன்னொரு மழையில் ஆளே இருக்க மாட்டான். களம் மறுபடி களமாகிவிடும்: ஆடு கட்ட, நெல் காயவைக்க, கிரிக்கெட் ஆட. பழசெல்லாம் நல்லது என்று சொல்ல வரவில்லை. கூத்து மேடைகளில் இப்போது வைக்கிற ஃபோகஸ் லைட்டையும் ஒலிபெருக்கியின் அலறலையும் பற்றித் தனியாகப் புலம்பலாம். நான் சொல்வது ஒன்றுதான். ஒரு ஊர்த்திடலை ஒரு ராத்திரிக்குக் கடன் வாங்கித் திருப்பித் தர முடியும் என்பதற்கு இது கண்ணெதிரே இருக்கிற சான்று.

சரி, மதுரை. திருமலை நாயக்கர் மகால் 1636-இல் கட்டியது. இப்போது நாம் பார்ப்பது சொர்க்கவிலாசம் என்ற பகுதியும் அதை ஒட்டிய நாடகசாலையும்தான். நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் பிரம்மாண்டமான தூண்கள், மேலே வளைவுகள், சுதை வேலைப்பாடு. 1981-இல் இங்கே ஒலி-ஒளிக் காட்சி தொடங்கியது. இந்த வகைக் காட்சியின் பிறப்பு பிரான்ஸில். ஷாம்போர் அரண்மனையில் 1952-இல் போல் ராபர்-ஊதேன் என்பவர் தொடங்கிவைத்தார். அந்த ஆரம்பகால முறையின் பேரப்பிள்ளைதான் மதுரைக் காட்சி: படம் கிடையாது. பதிவுசெய்த குரல்களும் இசையும், தூண்களுக்குப் பின்னாலும் வளைவுகளுக்கு அடியிலும் ஒளித்துவைத்த விளக்குகளும்தான்.

இது குறை என்று நினைக்கிறவர்கள் உண்டு. "வெறும் கலர் லைட்டு, ஆளையே காட்ட மாட்டேங்கிறாங்க" என்று பின்வரிசையில் யாரோ சொல்வதை ஒவ்வொரு தடவையும் கேட்கலாம். எனக்கு அதுதான் அந்தக் காட்சியின் பலம். ஒரு குரல் இடதுபக்கம் பேசுகிறது, அந்தப் பக்கத் தூண்கள் மெல்ல மஞ்சளாகின்றன. பதில் சொல்லும் குரல் அரியணைப் பக்கமிருந்து வருகிறது, நீங்கள் கழுத்தைத் திருப்புகிறீர்கள். மதுரை எரிகிறது என்றால் தீயின் படம் வராது. தூண்கள் சிவக்கும், அவ்வளவுதான். மீதியை நீங்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும். பகலில் கவனிக்காமல் போன ஒரு வளைவின் உள்பக்கம், அதிலிருக்கும் சுதைச் செதுக்கல் எல்லாம் ராத்திரிதான் கண்ணில் படுகிறது. விளக்கு கட்டடத்தைக் காட்டுகிறது. படக்காட்சி கட்டடத்தின்மேல் வேறொன்றைக் காட்டுகிறது. இரண்டும் ஒன்றில்லை.

இதைச் சொல்லும்போது எங்கள் ஊர்க் கோயில் ஞாபகம் வருகிறது. ரிஷிவந்தியம் அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் தேனபிஷேகம் விசேஷம். தேன் வழியும்போது லிங்கத்தில் அம்பாள் உருவம் தெரியும் என்பது நம்பிக்கை. சிலர் தெரிகிறது என்பார்கள், சிலர் இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்ப்பார்கள். பக்தி விஷயத்தை விடுங்கள், பார்க்கிற விதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கல்லின் வளைவு, வழிகிற தேன், தீபத்தின் ஆட்டம் மூன்றும் சேர்ந்துதான் அங்கே பார்வை நடக்கிறது. அந்தக் கல்லை எடுத்துவிட்டு வெள்ளைச் சுவரை வைத்தால் ஒன்றும் மிஞ்சாது. டிஸ்னி கோட்டையில் ஓடும் படம் அந்தக் கோட்டையின் ஜன்னல்களையும் கற்களையும் அளந்து செய்ததுதான், அந்தத் தொழில்நுட்பத் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் பாதி நேரம் அங்கே சினிமாத் துண்டுகள்தான் ஓடுகின்றன. அதற்குக் கோட்டை எதற்கு?

நம்ம நாட்டிலும் காற்று அந்தப் பக்கம்தான் வீசுகிறது. குஜராத்தின் மொதேரா சூரியன் கோயிலில் 2022 அக்டோபரில் முப்பரிமாணப் படக்காட்சி தொடங்கியது. ஒற்றுமைச் சிலைமேலும் ராத்திரி படம் ஓடுகிறது. ஒரு சுற்றுலாத் தலத்தை மேம்படுத்துவது என்றாலே சுவரில் படம் காட்டுவது என்று ஆகிவருகிறது. மகாலுக்கும் அது வர வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: வேண்டாம். முற்றத்தில் ஒரு சுவரை மட்டும் பார்த்து உட்காரவைத்துவிட்டால், மற்ற மூன்று பக்கமும் வீண்.

அதற்காக இப்போதுள்ள காட்சி அப்படியே நல்லது என்று சொல்ல மாட்டேன். பகல் சோதனையில் மகாலுக்கும் முழு மதிப்பெண் கிடையாது. பார்வையாளர்களுக்குப் போட்ட நாற்காலி வரிசைகள் பகலிலும் முற்றத்தில் கிடந்தால், அந்த வெற்றிடத்தின் அழகே கெட்டுப்போகிறது. நல்லவேளை, சுற்றுத் தாழ்வாரத்தின் நிழலை யாராலும் எடுக்க முடியாது. சித்திரை வெயிலில் உள்ளே நுழைந்து ஒரு தூணடியில் சாய்ந்தவர்களுக்குத் தெரியும் அது என்னவென்று. மேலே புறாக்கள், கீழே தூங்கிவழிகிற குடும்பங்கள், தூணில் பெயர் கிறுக்குகிற காதலர்கள். கடைசியாகச் சொன்னவர்களை மட்டும் வெளியே அனுப்பலாம்.

பெரிய பிரச்சினை கதையில்தான். திருமலை நாயக்கரின் வாழ்க்கையோடு சிலப்பதிகாரத்தையும் சேர்த்துச் சொல்கிறார்கள். கண்ணகி நீதி கேட்டது பாண்டியன் அவையில். இந்த மண்டபம் அதற்குப் பல நூற்றாண்டுகள் பிந்தி, வேறொரு அரச மரபு கட்டியது. முதல்முறை வருகிற பிள்ளைகள் கண்ணகி இந்தத் தூண்களுக்கு நடுவில்தான் சிலம்பை உடைத்தாள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். கட்டடத்தை இவ்வளவு அழகாகக் காட்டத் தெரிந்த காட்சி, கட்டடத்தின் சொந்தக் கதையை அல்லவா சொல்ல வேண்டும்?

அந்தக் கதை என்ன லேசுப்பட்டதா! பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இங்கிருந்து பெயர்த்து எடுத்துப் போனார்கள். எஞ்சியது பாழானது. 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு காலத்தில் செப்பனிட்டார்கள். பிறகு நீண்ட காலம் இங்கே நீதிமன்றம் நடந்தது. கண்ணகி வழக்கைச் சொல்லும் மண்டபத்தில் நிஜமாகவே வழக்குகள் நடந்தன, அதைப் பற்றி ஒரு வரியாவது வேண்டாமா? 1995-இல் 'பம்பாய்' படத்தின் 'கண்ணாளனே' பாட்டுக்கு இந்தத் தூண்கள் வந்தன. நாயக்கர் தம்பி இருந்ததாகச் சொல்லும் ரங்கவிலாசத்தில் இன்று மிச்சம் பத்தே தூண்கள். பத்துத்தூண் சந்தில் ஜவுளிக்கடைகளுக்கு நடுவே நிற்கின்றன. அந்த வழியில் புடவை வாங்கப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு அது அரண்மனையின் துண்டு என்று தெரியாது.

புதிதாக எழுதுவதானால் அந்தத் தூண்களிலிருந்து தொடங்கச் சொல்வேன். மூல அரண்மனை இப்போதிருப்பதைப் போல நாலு மடங்கு பெரியது என்பார்கள். அந்தக் காணாமல்போன முக்கால் பங்கைக் காட்டப் புரொஜெக்டர் எதுவும் வேண்டாம். குரல் அந்தப் பக்கத்தைப் பற்றிப் பேசும்போது எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, புறாக்கள் சிறகடிப்பதைக் கொஞ்ச நேரம் கேட்கவிட்டால் போதும். அதற்கு முன்னால் நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். காட்சி முடிந்ததும் எடுத்து உள்ளே வையுங்கள்.