கங்கா (ஜெயகாந்தன் பாத்திரம்)

கங்கா, ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலின் மையப் பாத்திரம். 1966-ல் ஆனந்த விகடனில் வெளிவந்த ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையின் கல்லூரி மாணவியே இவளுக்கு மூலம். மழைநாளில் முன்பின் அறியாதவனின் காரில் ஏறிக் கெடுக்கப்பட்டுத் திரும்பும் மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, அவள் சுத்தமாகிவிட்டாள் என்கிறாள் சிறுகதையின் தாய். அத்துடன் கதை முடிகிறது. அந்தப் பெண் வேறொருத்தியாக மாறவேண்டிய தேவையே எழவில்லை.

நாவலில் தாய் அலறிவிடுகிறாள். அக்கம்பக்கத்துக்குத் தெரிகிறது, அண்ணன் வீட்டைவிட்டு விரட்டுகிறான். பின்னாளில் படித்து அதிகாரியான கங்காவிடம் காணும் இறுக்கம் இந்த அலறலில் தொடங்குவது, பிறவிக்குணம் அல்ல. காரில் நடந்ததைவிட வீட்டில் நடந்ததே அவளை உருவாக்குகிறது என்பதுதான் நாவலின் கண்டுபிடிப்பு. ஆதரவளித்த வெங்கு மாமாவின் பார்வையும் சுத்தமானதல்ல.

கெடுத்தவனைத் தேடிப்பிடிக்கும்போது கிடைப்பவன் வில்லன் அல்ல, பலவீனமான, குழந்தைத்தனம் மாறாத பிரபு. அவனுடனான நட்பில் அவள் இளகுகிறாள். நாவலின் பெரும்பகுதி அவளே பேசுவது என்பதால் அந்த இளக்கத்தை அவள் பேச்சிலேயே வாசகர் கேட்கலாம். நாவலின் சிறந்த பக்கங்கள் இவை.

பிரபு விலகியதும் அவள் குடியில் விழுவது அவசரமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. இளகுவதற்கு அத்தனை பக்கங்கள் எடுத்துக்கொண்டவள் உடைவதற்குச் சிலவே எடுத்துக்கொள்கிறாள். தொடர்ச்சியான ‘கங்கை எங்கே போகிறாள்’ நாவலில், காசியில் கங்கையோடு அவள் கலக்கும் முடிவு அவளுடைய பெயருக்குப் பொருந்துகிறது, அலுவலகம் போய்வந்த அந்தப் பெண்ணுக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை.