கேமராவைப் பிடித்திருக்கும் கை

ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ (1968) படத்தில், விண்வெளி நிலையத்திலிருந்து டாக்டர் ஃபிளாய்ட் பூமியில் இருக்கும் தன் மகளை வீடியோவில் அழைக்கிறார். அம்மா கடைக்குப் போயிருக்கிறாள். பிறந்தநாளுக்கு வர முடியாது, என்ன பரிசு வேண்டும் என்று கேட்கிறார். பேச்சு முடிந்ததும் திரையில் கட்டணம் வருகிறது: 1 டாலர் 70 சென்ட்.

எதிர்காலத்தை முன்கூட்டியே சொன்ன காட்சி என்று இதைப் புகழ்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. குழந்தை உட்கார்ந்த இடத்திலேயே நெளிந்துகொண்டிருக்கிறாள். ஃபிளாய்டின் பின்னால் ஜன்னலில் பூமி சுழல்கிறது. ‘இங்க பாரும்மா’ என்று அவர் அதைக் காட்டுவதே இல்லை. இரண்டு பக்கமும் கேமரா சுவரில் அறையப்பட்டிருக்கிறது. முகத்தைக் காட்டலாம், வேறு எதையும் காட்ட முடியாது.

அந்தக் கேமராவை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவர நிறுவனங்கள் பலமுறை முயன்றிருக்கின்றன. 2010இல் டிவிக்குள் ஸ்கைப் வந்தது; 2016இல் நிறுத்தப்பட்டது. அதே 2010இல் சிஸ்கோ 599 டாலருக்கு ‘யூமி’ என்ற கருவியை விற்றது, மாதச் சந்தா தனி. அதுவும் நிலைக்கவில்லை. ஃபேஸ்புக்கின் ‘போர்ட்டல் டிவி’ 2019இல் வந்தது. 2022இல் போர்ட்டல் வரிசையையே கைவிட்டார்கள். 2023இல் ஆப்பிள், ஐபோனையே டிவியின் கேமராவாக்கியது. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: படம் பெரிதானால் மனிதர்கள் நெருங்குவார்கள்.

நானும் நம்பினேன். இரண்டு வருடம் முன்பு ஊரில் அப்பாவின் டிவிக்கு மேல் ஒரு கேமராவைப் பொருத்திவிட்டு வந்தேன். தொழில்நுட்பச் சிக்கல்கள் எக்கச்சக்கம். டிவி ஒலியைக் கொஞ்சம் தாமதித்தே வெளியே விடும்; ஸ்பீக்கரில் வரும் என் குரலையே மைக் திரும்பப் பிடிக்கும்; அந்த எதிரொலியை நீக்க மென்பொருள் படாதபாடு படும். ஆனால் இதெல்லாம் தீர்க்கக்கூடியவை.

நியாயமாகச் சொன்னால் நன்மையும் இருந்தது. போனில் ‘இரு, அம்மாட்ட குடுக்கறேன்’ என்பதைத் தாண்டாத அப்பா, சட்டை மாட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினார். அதற்காகவே அந்தக் கேமராவுக்குக் கொடுத்த காசு தகும்.

இழப்பு அம்மா பக்கம் இருந்தது. போனில் அவள்தான் கேமராமேன். பாதி நெற்றியும் மீதி மின்விசிறியும் தெரியும். திடீரென்று மல்லிகைச் செடி வரும், அடுப்பில் கொதிக்கும் குழம்பு வரும். மாடிப்படியில் உட்கார்ந்து, ‘அப்பாட்ட சொல்லாத தம்பி’ என்று ஆரம்பிப்பாள். டிவி வந்தபின் அவள் அப்பாவுக்குப் பக்கத்தில், ஸ்டுடியோ போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி, கைகளை மடியில் கோத்தபடி இருந்தாள். ‘நல்லாருக்கோம்’ என்றாள். எல்லோரும் கேட்கும் இடத்தில் வேறென்ன சொல்ல முடியும்?

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, காபி டம்ளரை அவள் இரண்டு கையாலும் பிடித்துத் தூக்குவதைப் பார்த்தேன். வலது கை நடுங்கியது. ‘எப்பலேர்ந்தும்மா?’ என்றேன். ‘ஒரு வருஷமா இருக்கும்’ என்றாள்.

அந்த ஒரு வருடமும் வாராவாரம் 43 அங்குலத் திரையில் துளி ஆடாத படமாக அவளைப் பார்த்திருக்கிறேன். பழையபடி போனில் பேசியிருந்தால் படம் ஆடியிருக்கும். நெட்வொர்க் சரியில்லை என்று நினைத்து, ‘நேரா பிடிம்மா’ என்று நானே சலித்துக்கொண்டிருக்கலாம். ஆனாலும் என்றாவது உறைத்திருக்கும். கையில் பிடித்த கேமரா, எதிரே இருப்பதைக் காட்டும்போதே பிடித்திருக்கும் கையையும் காட்டிவிடுகிறது. சுவரில் பொருத்திய கேமராவுக்குப் பின்னால் ஆள் இல்லை.

டிவியைக் கழற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு அது வேண்டும். புதன்கிழமை அம்மாவுக்குப் போன். நரம்பு டாக்டரைப் பார்த்து மாத்திரை ஆரம்பித்திருக்கிறாள். கொல்லைக்குப் போய் செடியைக் காட்டச் சொல்கிறேன். படம் ஆடுகிறது, போன வாரத்தைவிடக் குறைவா, கூடுதலா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.