குறுக்கெழுத்தில் கொடிகள்

ஆர்தர் வின் 1913ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் தேதி ‘நியூயார்க் வோர்ல்டு’ பத்திரிகையில் வெளியிட்ட சாய்சதுரப் புதிரிலிருந்து கிளைத்துப் பெருகிய ஆங்கிலக் குறுக்கெழுத்துகளில் ‘ஐவி’, ‘லியானா’ முதலிய கொடிப்பெயர்கள் அடிக்கடி தலைகாட்டுவதற்குக் காரணம், அவற்றை அமைப்போருக்குத் தாவர சாஸ்திரத்தின்பால் உள்ள அபிமானமன்று. ஐந்தெழுத்து லியானாவில் மூன்று உயிரெழுத்துகள் அமைந்து, குறுக்கே வரும் சொற்களுக்குத் தாராளமாக இடங்கொடுப்பதேயாகும்.

தமிழில் நிலைமை வேறு. ஒரு கட்டத்துக்கு ஓர் உயிர், ஓர் உயிர்மெய் அல்லது ஒரு புள்ளியெழுத்து என்பது இங்குள்ள நியமமாதலால், மெய்யெழுத்து மொழிக்கு முதலில் வாராது, லகர றகரங்களும் தமிழ்ச் சொல்லைத் தொடங்கா என்று இலக்கணம் வகுத்த விதிகள் யாவும் கட்டத்துக்குள்ளும் செல்லுபடியாகின்றன. ‘வெற்றிலை’யின் நான்கு கட்டங்களில் முதல் கட்டமொன்றிலிருந்தே மேலிருந்து கீழாக ஒரு தமிழ்ச் சொல் புறப்பட இயலும், ஏனைய மூன்றும் வேறு சொற்களின் இடையிலோ கடையிலோ வந்து பொருந்த வேண்டியவை. ‘காந்தள்’ இன்னும் கண்டிப்பானது. அதன் இரண்டாம் கட்டத்து நகரமெய்யை அடுத்துப் பெரும்பாலும் தகர வர்க்கமே வருமாகையால், கீழிறங்கும் சொல்லும் அதற்கு இசைந்ததாகவே இருத்தல் வேண்டும். அவ்விடத்தில் ‘பந்தல்’ என்ற சொல்லை இறக்கி, அதன் ஈற்று லகரமெய்யில் ‘முல்லை’யை இடமிருந்து வலமாகக் கோத்துவிட்டால், காந்தளும் முல்லையும் ஒரே பந்தலைப் பற்றி நிற்கும் சிறு சித்திரம் கட்டத்திலேயே உருவாகிவிடுகிறது. இத்தகைய பொருத்தம் கைகூடும்போது அமைப்பவர் அடையும் ஆனந்தம் கவிஞர் அடைவதற்குச் சற்றும் குறைந்ததன்று.

ஆயினும் கட்டங்களில் செலுத்தும் சிரத்தையைக் குறிப்புகளில் நம்மவர் செலுத்துவதில்லை என்பது என் அபிப்பிராயம். ‘பற்றிப் படர்வது’ என்று மூன்று கட்டத்துக்கு எழுதினால் அவரையா, பாகலா, புடலையா, மிளகா என்று வாசகர் எவ்வாறு நிச்சயிப்பார்? ‘பாரி தேர் தந்தது’ என்பதோ பள்ளிப் பாடத்தின் ஞாபகத்தை மட்டும் சோதிப்பது. கொடி ஏறும் விதத்தைக் கண்ணால் கண்டு எழுதினால் இக்குறை நேராது. அவரை பற்றுக்கம்பியின்றித் தண்டையே கொம்பில் சுற்றி ஏறுகிறது. பாகலின் பற்றுக்கம்பி கிளையற்றது, புடலையினுடையது கிளைத்தது. மிளகு கணுக்களில் விடும் வேர்களால் மரத்தை ஒட்டிக்கொள்கிறது. காந்தளுக்கோ இலையின் நுனியே சுருண்டு கையாகிறது. ஏறுகொடிகளின் இயக்கங்களை 1865ஆம் ஆண்டில் விரிவாக எழுதிய டார்வின், இவ்வேறுபாடுகளைக் கொண்டே அவற்றை இனம் பிரித்தார்.

பல பொருள் ஒரு சொல்லில் அடங்கும் இடத்தில் குறிப்புக்குத் தனி ரசம் உண்டாகிறது. ‘கிளி கொத்துவது, புலவர் பாடுவது, நொய்யல் நனைப்பது’ என்று இரண்டே கட்டத்துக்கு எழுதிவிட்டால், கனியும் பிரபந்தமும் நகரமும் ஒருங்கே ‘கோவை’யில் வந்து கூடுகின்றன. அத்தகைய சிலேடைக்கு இடந்தராத சீந்திலுக்கு அதன் சுபாவமே போதும்: ‘அடியை அறுத்தாலும் மேலிருந்து விழுதிறக்கிப் பிழைப்பது’ என்று எழுதலாம், வேப்ப மரத்தில் அக்கொடியைக் கண்டிருப்பவர் நான்கு கட்டங்களையும் தயங்காமல் நிரப்புவார்.