மஹோகனிக் கதிரையின் வமிசாவளி

விமர்சனம் என்றதும் கவிதை, நாவல், நாடகம் என்பவற்றையே நாம் பெரும்பாலும் நினைக்கின்றோம். ஆனால் ஒரு சமுதாயத்தின் மனப்பாங்கை முழுமையாக அறிய வேண்டுமாயின், கலையென்று உரிமை கொண்டாடாத அதன் எழுத்துக்களையும் படித்தல் அவசியமாகும். உயில், கணக்கேடு, விளம்பரம், பொருட்பட்டியல் ஆகியன அத்தகையவை. அவற்றிலே வர்க்கச் சார்பு திரையின்றி வெளிப்படுகின்றது. பழைய ஆங்கிலத் தளபாடங்களை விற்பதற்காக லண்டன் ஏல நிலையங்கள் வெளியிடும் பட்டியல்கள் இவ்வகையிலே தனிக் கவனத்துக்குரியன. சொதபீஸ் நிலையம் 1744 இலும் கிறிஸ்டீஸ் 1766 இலும் தொடங்கியவை. இத்துணைக் காலமாக வளர்ந்து வந்த பட்டியல் நடைக்கு இன்று தனியானதோர் இலக்கணமே உண்டு எனலாம்.

அவ்விலக்கணம் யாது? முதலில் ஓர் அரசனின் பெயர் வரும். 'மூன்றாம் ஜோர்ஜ் காலத்து மஹோகனிக் கதிரைகள்' என்பது போல. அடுத்து அவற்றைச் செய்த பட்டறையின் பெயர். அது நிச்சயமில்லையெனின் இன்னாருடையதெனக் கருதப்படுவது என்றொரு குறிப்பு. பின்னர் கால்களின் வளைவு, முதுகுப் பகுதியின் செதுக்கல், காலம் ஏற்றிய மெருகு ஆகியன வருணிக்கப்படும். எந்தக் காலில் ஒட்டு வேலை நடந்தது, எந்த லாச்சியின் கைப்பிடி மாற்றப்பட்டது என்பனவும் நேர்மையாகச் சொல்லப்படும். இறுதியாக வருவது உடைமை வரலாறு: எந்தப் பிரபுவுக்காகச் செய்யப்பட்டது, எந்த மகனுக்குச் சென்றது, எந்த ஏலத்தில் எவர் வாங்கினார் என்ற வமிசாவளி. விலையை உயர்த்துவதில் இவ்வமிசாவளிக்குள்ள பங்கு மிகப் பெரிது.

இவ்வமிசாவளி எங்கே தொடங்குகின்றது என்பதே நமது கேள்வி. அது வாங்கியவனிடத்தில் தொடங்குகின்றது. அதற்கு முன்னர் அக்கதிரைக்கு வரலாறே இருந்ததில்லை என்பது போன்ற தோற்றம் நிலவுகிறது. மஹோகனி என்ற சொல் அங்கே நிறத்தையும் மினுக்கத்தையும் குறிக்கும் ஓர் அடைமொழியாக நின்றுவிடுகிறது. மரம் எங்கே நின்றது, எவர் வெட்டினர், எப்படிக் கடல் கடந்தது என்பவற்றுக்கு அந்நடையிலே இடமில்லை. ஒட்டு வேலையைக் கூட மறைக்காத பட்டியல் இதை மட்டும் மறந்துவிடுவது தற்செயலன்று.

மஹோகனி இங்கிலாந்தின் மரமன்று. யமேக்கா, கியூபா, ஹிஸ்பானியோலா முதலிய தீவுகளிலும் மத்திய அமெரிக்கக் காடுகளிலும் வளர்ந்தது அது. 1721 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டமொன்று அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து வந்த மரத்துக்கு இறக்குமதித் தீர்வையை நீக்கியது. அகன்ற பலகையாக அறுபடுவது, புழு எளிதில் அரிக்காதது, உளிக்கு இசைவது, கண்ணாடி போல மெருகேறுவது ஆகிய குணங்களால் சில பத்தாண்டுகளுக்குள் செல்வர் இல்லங்களின் முதன்மை மரமாக அது உயர்ந்தது. யமேக்காவிலே கரையோரத்தையும் ஆற்றோரத்தையும் அண்டி நின்ற மரங்கள் அருகிய பின் வியாபாரிகளின் நாட்டம் ஹொண்டூராஸ் விரிகுடாவின் பக்கம் திரும்பியது. இன்றைய பெலீஸ் நாடு அங்கேயே உள்ளது. 1786 இல் ஸ்பெயினோடு செய்த உடன்படிக்கையின் மூலம் ஆங்கிலேயர் அங்கு மஹோகனி வெட்டும் உரிமையைப் பெற்றனர்.

வெட்டியவர்கள் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்தம் சந்ததியினருமாவர். காட்டின் உயர்ந்த மரமொன்றில் ஏறி, இலைகளின் நிறத்தைக் கொண்டு தொலைவிலுள்ள மஹோகனி மரங்களை இனங்காணும் அனுபவசாலி ஒருவன் ஒவ்வொரு குழுவிலும் இருந்தான். அடிமரம் மிகப் பருத்திருந்தமையால் நிலத்துக்கு மேலே பரண் கட்டி, அதில் நின்று கோடரி வீசினர். வறட்சிக் காலத்தில், பகல் வெப்பத்தை எருதுகள் தாங்கமாட்டா என்பதனால், பந்த வெளிச்சத்திலே இரவிரவாக மரங்களை ஆற்றங்கரைக்கு இழுத்துச் சென்றனர். ஆனி மாத வெள்ளம் அவற்றைக் கடலுக்குக் கொண்டுசென்றது. இவ்வடிமைகள் அடங்கிக் கிடந்தாரல்லர். 1765, 1768, 1773, 1820 ஆகிய ஆண்டுகளில் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். 1981 இல் சுதந்திரம் பெற்ற பெலீஸின் கொடியிலே மஹோகனி மரமொன்றும் அதன் இருமருங்கிலும் தொழிலாளர் இருவரும் நிற்கின்றனர். ஏலப் பட்டியல் விட்டுவிட்ட பெயரை ஒரு நாடு தன் கொடியில் எழுதிக்கொண்டது.

இனி, வாங்கியவனையும் செய்தவனையும் பார்ப்போம். ஆங்கிலத் தளபாடக் கலையின் தலையாய பெயர் தோமஸ் சிப்பென்டேல். யோர்க்ஷயரிலே 1718 இல் பிறந்து, லண்டன் சென் மார்ட்டின்ஸ் ஒழுங்கையிலே பட்டறை வைத்து, 1754 இல் கனவானுக்கும் தச்சனுக்கும் வழிகாட்டி எனப் பொருள்படும் மாதிரிப்பட நூலொன்றை வெளியிட்டுப் புகழ் பெற்றவர். அவர் பெற்ற வேலைகளுள் மிகப் பெரியது யோர்க்ஷயரின் ஹெயர்வுட் மாளிகைக்குச் செய்ததாகும். அம்மாளிகையைக் கட்டிய எட்வின் லசல்ஸின் குடும்பச் செல்வம் மேற்கிந்தியச் சீனித் தோட்டங்களாலும் அடிமை வியாபாரத்தாலும் திரண்டது. 1833 இல் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியபோது உடைமையாளருக்கென 20 மில்லியன் பவுண் நட்டஈடு ஒதுக்கப்பட்டது. 1,277 மனிதர்களுக்காக 26,000 பவுணுக்கு மேற்பட்ட தொகை ஹெயர்வுட் பிரபுவுக்குக் கிடைத்தது. அம்மனிதர்களுக்கோ ஒரு சதமும் கிடைக்கவில்லை. கதிரையின் மரமும், கதிரைக்குக் கொடுத்த பணமும் ஒரே அடிமை உழைப்பின் உலகிலிருந்து வந்தவை என்பதை இங்கு காண்கின்றோம்.

பட்டறைக்குள்ளேயும் இதே மறதிதான். சிப்பென்டேலின் பட்டறை 1755 இல் தீப்பற்றியபோது 22 தொழிலாளரின் கருவிப் பெட்டிகள் எரிந்தன என்ற செய்தி எஞ்சியிருக்கிறது. அவர்கள் 22 பேர் என்று எண்ணப்பட்டார்கள், பெயர் சொல்லப்படவில்லை. நாம் இன்று வியக்கும் செதுக்கல்களுட் பல அத்தகையோரின் உளியிலே பிறந்தவை. பெயரோ பட்டறை முதலாளியுடையது.

உழைப்பே விலையை நிர்ணயிப்பதாயின் ஏல மண்டபத்தின் போக்கு வேறாயிருக்கும். ஸ்கொத்லாந்தின் டம்பிறீஸ் மாளிகையும் சிப்பென்டேல் தளபாடங்கள் உள்ளிட்ட அதன் பொருள்களும் 2007 இல் விற்பனைக்கு வந்தன. அக்காலத்து இளவரசர் சார்ள்ஸின் முயற்சியால் 45 மில்லியன் பவுணுக்கு அவை ஒருங்கே வாங்கப்பட்டன. லண்டனுக்குப் புறப்பட்ட லொறிகள் வழியிலே திருப்பப்பட்டன. மறுபுறத்தில், வமிசாவளியற்ற சாதாரண மஹோகனி அலுமாரிகளும் மேசைகளும் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பெருமளவு விலை வீழ்ச்சி கண்டுள்ளன. அதே மரம், அதே வகை உழைப்பு. உயர்வதும் தாழ்வதும் பிரபுவின் பெயரும் செல்வரின் நாகரிக மாற்றமுமே. 1867 இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்திலே, பண்டத்தின் மாயத்தை விளக்கக் கார்ல் மார்க்ஸ் ஒரு மர மேசையையே உதாரணமாக எடுத்தார். ஏலப் பட்டியலைப் படிப்போருக்கு அவ்வுதாரணத்தின் பொருத்தம் சொல்லாமலே விளங்கும்.

பட்டியலின் இப்பார்வை சிறந்த இலக்கியத்தையும் தொட்டிருக்கிறது. சார்லட் புரொன்டியின் 'ஜேன் அயர்' 1847 இல் வெளிவந்தது. அநாதைச் சிறுமியான ஜேனை அவளுடைய மாமி ஓர் அறையில் அடைக்கிறாள். அவ்வறையின் பாரிய மஹோகனிக் கட்டிலும் இருண்ட தளபாடங்களும் உடைமையுள்ளோரின் பாரமாக அவள்மீது இறங்குகின்றன. பின்னர் மடெய்ராத் தீவிலிருந்த சிறிய தந்தையின் 20,000 பவுண் முதுசம் அவளுக்குக் கிடைக்கிறது. உறவினரோடு அதைப் பங்கிட்ட பின் அவள் வீட்டை அலங்கரிப்பதும் பழைய மஹோகனியினாலேயே. அச்சுறுத்திய பொருளே அந்தஸ்தின் அடையாளமாகிவிட்டது. நாயகனின் முதல் மனைவி யமேக்காவிலிருந்து 30,000 பவுணோடு வந்தவள் என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். எலேன் பிறீட்குட் 2006 இல் வெளியிட்ட ஆய்வு நூலிலே, இத்தளபாடங்களை வெறும் பின்னணியென ஒதுக்காது அவை வந்த தீவுகளின் வரலாற்றோடு இணைத்து வாசித்துக் காட்டினார். ஏழை ஆசிரியையின் சுயமரியாதையை அத்துணை உறுதியாக எழுதிய நாவல், அவளுடைய மேசையின் பூர்வீகத்தை வினவவில்லை. நாவலின் பெருமை இதனாற் குறையவில்லை. அதன் எல்லை தெளிவாகிறது.

இம்மறதி நமக்கும் அந்நியமானதன்று. ஆங்கில எழுத்தாளர் ஹொறஸ் வோல்போல் தமது ஸ்ட்ரோபெரி ஹில் மாளிகையிலே கருங்காலிக் கதிரைகளைச் சேர்த்து வைத்தார். அவை டியூடர் மன்னர் காலத்து ஆங்கில வேலைப்பாடு என்பது அவர் நம்பிக்கை. அவை பதினேழாம் நூற்றாண்டிலே சோழமண்டலக் கரையிற் செய்யப்பட்டவை என்று பிற்கால ஆய்வாளர் நிறுவினர். அம்மாளிகையின் பொருள்கள் 1842 இல் 24 நாள்கள் ஏலம் போயின. நமது கரையின் தச்சர் செய்த வேலை ஆங்கில மன்னரின் பெயரில் புகழ் பெற்றிருந்தது. செய்தவனின் பெயரை வரலாற்றிலிருந்து நீக்கினால் அவ்வெற்றிடத்தில் உடைமையாளனின் பெயர் தானாகவே வந்தமர்ந்துவிடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அழகிய பொருளை அழகுக்காகவே பார்க்க வேண்டும், கதிரையிடம் காட்டின் கதையைக் கேட்பது ரசனையின்மை என்பர் சிலர். ஏலப் பட்டியலே அக்கொள்கையைக் கடைப்பிடிக்கவில்லை என்பதே அவர்களுக்கு நமது விடை. அழகு மட்டுமே போதுமாயின் பிரபுவின் பெயர் எதற்கு? வரலாறு வேண்டாமென்று எவரும் சொல்லவில்லை. ஒரு பாதி வரலாறே போதும் என்கிறார்கள். மறுபுறத்தில், அடிமைக் குருதி படிந்த பொருளிலே அழகு காண்பதே குற்றமென்பாரும் உளர். இதுவும் உழைத்தவனுக்குச் செய்யும் அநீதியே. அகன்ற பலகையை அடையாளங் கண்ட காட்டு மனிதனின் அறிவும், அதிலே கொடியையும் இலையையும் எழுப்பிய தச்சனின் கைத்திறனும் அப்பொருளில் வாழ்கின்றன. அழகை மறுத்தால் அவர்களிடம் எஞ்சியதையும் பறித்தவராவோம்.

இவ்விரு பிழைகளையும் தவிர்த்த விமர்சனத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1992 இல் அமெரிக்கக் கலைஞர் பிறெட் வில்சன், போல்ற்றிமோர் நகரிலுள்ள மேரிலாந்து வரலாற்றுச் சங்கத்தின் அரும்பொருள்களைத் தாமே புதிதாக அடுக்கிக் காட்டினார். சங்கத்தின் களஞ்சியத்திலே கிடந்த சவுக்கடிக் கம்பமொன்றை எடுத்து நிறுத்தி, அதனை நோக்கிப் பழைய அழகிய கதிரைகளை வைத்தார். கதிரை ஒன்றையேனும் அவர் உடைக்கவில்லை. கண்டன உரை எதுவும் எழுதவில்லை. அவை எந்த உலகத்தில் ஒன்றாயிருந்தனவோ அவ்வுலகத்தில் அவற்றை மீண்டும் ஒன்றாக வைத்தார். அவ்வளவே.

மாணவருக்கு இலக்கியம் கற்பிக்கும் நாம் இதனைச் சிந்திக்க வேண்டும். உருவத்தை மட்டும் போற்றுவதும், உள்ளடக்கத்தின் பேரால் உருவத்தைத் தூற்றுவதும் எளிய வேலைகள். அழகை முழுதாக ஏற்றுக்கொண்டு, அதன் விலையைச் செலுத்தியவர் யார் என்ற கேள்வியையும் விடாது கேட்பதே கடினமான பணி. மஹோகனி மரவகைகளின் சர்வதேச வர்த்தகத்துக்கு, 1992 இலும் 2003 இலும் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, இன்று அனுமதிப் பத்திரம் வேண்டும். மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கப் பழகிவிட்ட உலகம், அதை வெட்டிய மனிதன் யார் என்றும் கேட்கப் பழக வேண்டும். அக்கேள்வியை முதலிற் கேட்க வேண்டிய இடம் வகுப்பறையே.