33-ஆ, 2.3-ஆ, 230-ஆ? கையடக்கக் காற்றுப் பம்ப்: ஒரு நேரடிப் பரிசோதனை

வீட்டு வாசலிலேயே டயருக்குக் காற்று பிடிக்கும் பேட்டரி பம்புகள் பல பெயர்களில் விற்பனைக்கு வந்துவிட்டன. விலை 2,000 ரூபாயை ஒட்டித் தொடங்குகிறது. உறையில் உள்ள பெயர்தான் வேறு, அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்: சின்னத் திரை, நாலைந்து பொத்தான்கள், ஒரு ரப்பர் குழாய். அப்படி ஒன்றை வாங்கி கார், ஸ்கூட்டர், சைக்கிள், பந்து என்று எல்லாவற்றிலும் பயன்படுத்திப் பார்த்தேன். பம்ப் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. ஆனால் எந்த அலகில் எந்த எண் வேண்டும் என்பதை நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும்.

கையில் எடுத்தால்

குழாயை வால்வில் திருகும்போது 'உஸ்' என்று கொஞ்சம் காற்று வெளியேறும். கடைசிச் சுற்று வரை திருகினால் சத்தம் நின்று, டயரில் இப்போதுள்ள அழுத்தம் திரையில் வரும். வேண்டிய எண்ணை வைத்துப் பொத்தானை அழுத்தினால், அந்த எண்ணைத் தொட்டதும் மோட்டார் தானாக நின்றுவிடும். பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. 28-ல் கிடந்த கார் டயர் 33-க்கு வரச் சில நிமிடங்கள் போதும். இரண்டு குறைகள் உண்டு. சத்தம் காதைத் துளைக்கும், அதிகாலையில் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஓட்ட முடியாது. வேலை முடிந்ததும் குழாயின் உலோக முனை கை வைக்க முடியாதபடி சுடும்.

ஒரே அழுத்தம், நான்கு எண்கள்

அலகுப் பொத்தானைத் தட்டத் தட்ட பிஎஸ்ஐ, பார், கிலோபாஸ்கல், சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று திரை மாறிக்கொண்டே போகும். 33 என்பது 2.3 ஆகும், பிறகு 228 ஆகும். டயருக்குள் இருப்பது அதே காற்றுதான். பெட்ரோல் பங்க்கில் "முப்பத்து மூணு வைங்கண்ணே" என்கிறோமே, அது பிஎஸ்ஐ. கார்க் கதவின் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கிலோபாஸ்கலும் இருக்கும், சில கார்களில் பாரும் இருக்கும்.

மாற்றிக் கணக்கிட ஆப் எதுவும் வேண்டாம். பிஎஸ்ஐயை ஏழால் பெருக்கினால் கிலோபாஸ்கல்: 33-ஐ ஏழால் பெருக்க 231. அதை நூறால் வகுத்தால் பார்: 2.3. துல்லியமான பெருக்கெண் 6.895, ஆனால் டயருக்கு ஏழே போதும். ஒரு பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்பது 14.2 பிஎஸ்ஐ. பழைய முள் மீட்டர்களில் காணும் இந்தக் கிலோ அளவுக்கும் பாருக்கும் இரண்டு சதவீதம்தான் வித்தியாசம் என்பதால், டயர் விஷயத்தில் இரண்டையும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளலாம்.

அழுத்தம் என்றால் என்ன என்பதை எளிதாகப் புரியவைப்பதும் இந்தக் கிலோ அலகுதான். 1,000 கிலோ எடையுள்ள காரில் ஒரு டயர் சுமார் 250 கிலோவைத் தாங்குகிறது. சதுர சென்டிமீட்டருக்கு 2.3 கிலோ அழுத்தம் என்றால், அந்த எடையைத் தாங்கச் சுமார் 109 சதுர சென்டிமீட்டர் ரப்பர் தரையில் படிய வேண்டும். அதாவது ஓர் உள்ளங்கை அளவு. காற்று குறைந்தால் இந்தப் பரப்பு விரியும், டயரின் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும், பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும்.

கவனிக்க வேண்டிய இடங்கள்

முதலாவது, கருவியில் ஏற்கெனவே பதிந்து வரும் எண். கார் படத்தைத் தேர்ந்தால் நான் பார்த்த கருவியில் 36 வந்து நிற்கிறது. அது 2.5 பார். 33 கேட்கும் சின்னக் காருக்கு இது அதிகம். ஸ்டிக்கரில் உள்ள எண்ணை நாமே வைக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் 300 கேபிஏ (கிலோபாஸ்கல்), 44 பிஎஸ்ஐ என்று அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்சவரம்பு. அதைப் பார்த்துக் காற்று பிடிக்கக் கூடாது.

இரண்டாவது, பார் அலகில் ஒரே ஒரு தசம இலக்கம்தான் தெரிகிறது. ஒரு படி நகர்த்தினால் 1.45 பிஎஸ்ஐ கூடிவிடும். நுணுக்கமாக வைக்க பிஎஸ்ஐயே வசதி.

மூன்றாவது, பந்து. கால்பந்துக்கு 0.6 முதல் 1.1 வளிமண்டல அழுத்தம் வரை விதி அனுமதிக்கிறது, அதாவது 8.5 முதல் 15.6 பிஎஸ்ஐ. கைப்பந்துக்கு 4.3 முதல் 4.6 வரைதான். பந்துப் பொத்தானில் வரும் எண்ணை அப்படியே விட்டுக் கைப்பந்தை ஊதினால் கல் போலாகி, ஆடுபவர் மணிக்கட்டு வீங்கும்.

நான்காவது, நம் ஊர்ச் சைக்கிள். பழைய வகை வால்வுக்குத் தனி அடாப்டர் வேண்டும். அந்த வால்வு காற்றை உள்ளே மட்டும்தான் விடும் என்பதால், டயரின் உண்மையான அழுத்தத்தைத் திரை காட்டாது. விரலால் அமுக்கிப் பார்ப்பதுதான் வழி.

வெயிலும் சுழியமும்

குழாயை எதிலும் மாட்டாதபோது திரை சுழியம் காட்டும். ஆனால் நம்மைச் சுற்றியுள்ள காற்று எப்போதும் 14.7 பிஎஸ்ஐ அழுத்திக்கொண்டுதான் இருக்கிறது. கருவி காட்டுவது அதற்கு மேலுள்ள அழுத்தத்தை மட்டுமே. வீட்டில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும் இப்படித்தான். அதில் வரும் 120 மில்லிமீட்டர் பாதரசம் வெறும் 2.3 பிஎஸ்ஐ.

ஆகவே 33 காட்டும் டயருக்குள் மொத்த அழுத்தம் 47.7. வெப்பம் 10 டிகிரி ஏறினால் அது சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ கூடும். நெடுஞ்சாலையில் ஓடிவந்த டயர் 36 காட்டினால் பதறிக் காற்றை இறக்க வேண்டாம். ஆறினால் அது பழையபடி இறங்கிவிடும். ஸ்டிக்கரில் உள்ள எண் குளிர்ந்த டயருக்கானது. காலையில் வண்டியை எடுக்கும் முன்பே காற்று பிடிக்க முடிவது இந்தப் பம்பின் பெரிய லாபம்.

வாங்கலாமா?

பங்க் தொலைவில் உள்ளவர்களும் அடிக்கடி வெளியூர் போகிறவர்களும் தாராளமாக வாங்கலாம். பஞ்சரான டயரை இது காப்பாற்றாது, பஞ்சர் கடை வரை கொண்டுசேர்க்கலாம். நான்கு அலகுகளும், தானாக நிற்கும் வசதியும், கடைசியாக வைத்த எண்ணை நினைவில் வைக்கும் வசதியும் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். வாங்கிய அன்றே கதவைத் திறந்து ஸ்டிக்கரில் உள்ள எண்களைப் பார்த்து, முன் டயருக்கும் பின் டயருக்கும் உரியதைத் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.